விருந்தாளிக்கு வராத மொழி



ஒரு மொழியைக் கற்க வேண்டுமானால் அது பேசப்படும் நாட்டுக்குப் போய் ஓராண்டு இருந்துவிட்டு வா என்ற அறிவுரையை மறுத்துப் பேசுபவர்கள் அரிது. தண்ணீரில் இறங்கினால்தான் நீச்சல் வரும் என்று அதற்கு ஒரு பழமொழித் தோரணையும் கொடுத்துவிட்டோம். ஜப்பானிய மொழி படிக்கும் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் டோக்கியோவுக்கோ கியோட்டோவுக்கோ விண்ணப்பிக்கும்போது அவரும், அவரைப் பெற்றவர்களும், அனுப்பி வைக்கும் கல்லூரியும் நம்புவது இதைத்தான். இறங்கியவர்களில் எத்தனை பேர் நீந்தினார்கள் என்று கரையில் நின்று யாரும் எண்ணுவதில்லை. இன்று நான் சொல்ல வந்த கருத்து ஒன்றுதான். ஜப்பானில் குடியிருப்பது தானாக ஜப்பானிய மொழியைக் கற்றுத் தராது. அங்கே ஏதாவது ஒரு குழுவுக்குள் மாணவருக்கு ஓர் இடமும் அந்த இடத்துக்கு உரிய வேலையும் அமைந்தால்தான், ஜப்பானில் மட்டுமே கற்கக்கூடிய பகுதி அவருக்கு வரும். மற்றதையெல்லாம் புறப்படும் முன்பே, குறைந்த செலவில், ஊரிலேயே கற்றுவிடலாம், கற்றுவிடவும் வேண்டும்.

முதலில் ஒரு கணக்குப் பார்ப்போம். ஜப்பானியப் பல்கலைக்கழகங்களில் ஒரு வகுப்பு பொதுவாக 90 நிமிடம். மொழிப் பாடத்தையே முழுமையாக எடுத்துக்கொள்ளும் பரிமாற்ற மாணவருக்கு வாரத்தில் 10 வகுப்பு அமையும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அது 15 மணி நேரம். பருவத்துக்கு 15 வாரம், ஆண்டுக்கு இரண்டு பருவம். ஆக மொத்தம் 450 மணி நேரம். தன் தூதர்களுக்கு மொழி கற்பிக்கும் அமெரிக்க வெளியுறவுத் துறைப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுபவர் ஜப்பானிய மொழியில் தொழில்முறைத் தேர்ச்சி பெற 2,200 வகுப்பு மணி நேரம் வேண்டும் என்று மதிப்பிடுகிறது. ஓராண்டு வகுப்பறை அதில் ஐந்தில் ஒரு பங்கு. எழுத்து வேறு இருக்கிறது. ஹிரகானா, கத்தகானா என்ற இரண்டு எழுத்து வரிசைகளைச் சில வாரங்களில் முடித்துவிடலாம். சீனத்திலிருந்து வந்த எழுத்துகளான கான்ஜி அப்படி அல்ல. 2010இல் திருத்தப்பட்ட பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 2,136 கான்ஜி எழுத்துகள் உள்ளன. வீட்டிலும் தெருவிலும் தொலைக்காட்சியிலும் அந்த மொழியிலேயே மிதக்கும் ஜப்பானியக் குழந்தைகளுக்கே தொடக்கப்பள்ளியின் ஆறு ஆண்டுகளில் 1,026 எழுத்துகள்தான் பாடமாக வைக்கப்பட்டுள்ளன. மேசையில் உட்கார்ந்து எழுதி எழுதிப் பழக வேண்டிய வேலை இது. அந்த மேசை ஷின்ஜுகுவில் இருந்தாலும் சேலத்தில் இருந்தாலும் எழுத்தின் கோடுகள் குறையப் போவதில்லை. அயல்நாட்டில் கழியும் விலையுயர்ந்த ஓராண்டை இதற்குச் செலவழிப்பது வீண் என்றே நான் கருதுகிறேன்.

நாட்டில் காலடி வைக்காமல் மொழியைக் கற்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு வரலாற்றிலேயே பெரிய சான்று ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படை ஒரு ஜப்பானிய மொழிப் பள்ளியை நடத்தியது. முதலில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் இருந்தது. ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஜப்பானிய வம்சாவளியினர். 1942 பிப்ரவரியில் வெளியான அதிபர் ஆணையின் பேரில் மேற்குக் கடற்கரையிலிருந்து ஜப்பானிய வம்சாவளியினரை வெளியேற்றத் தொடங்கியபோது, ஆசிரியர்களைக் காப்பாற்றிக்கொள்வதற்காகப் பள்ளியையே கொலராடோ மாநிலத்தின் போல்டருக்கு மாற்றினார்கள். எந்த மக்களைச் சந்தேகித்து முகாம்களில் அடைத்தார்களோ அந்த மக்களிடமே மொழிக்குக் கையேந்தி நின்ற முரண்பாட்டைப் பற்றித் தனியாகவே ஒரு சொற்பொழிவு ஆற்றலாம். வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் வகுப்பு, அதற்கு மேல் இரவு வரை தயாரிப்பு, நாகனுமா நாவோயே எழுதிய வாசகப் புத்தக வரிசை. பிற்காலத்தில் ஜப்பானிய இலக்கியத்தை ஆங்கில உலகத்துக்குக் கொண்டுவந்த டொனால்ட் கீன், எட்வர்ட் சைடன்ஸ்டிக்கர் இருவரும் இந்தப் பள்ளியில் பயின்றவர்கள். ஏறத்தாழ ஓராண்டில் இங்கிருந்து வெளிவந்த கீன், போர்க்களங்களில் இறந்துபோன ஜப்பானியச் சிப்பாய்களின் கையெழுத்து நாட்குறிப்புகளைப் படித்து மொழிபெயர்க்கும் வேலையில் அமர்ந்தார். அப்போது அவர் ஜப்பான் மண்ணை மிதித்ததே இல்லை.

போர்க்கால நெருக்கடியை ஒரு சாதாரணக் கல்லூரியில் உண்டாக்க முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. போல்டரின் கடுமையை யாரும் திரும்பக் கொண்டுவர வேண்டியதில்லை. ஆனால் அதன் அடிப்படை உண்மையை அமைதிக் காலத்து ஆய்வுகளும் உறுதி செய்திருக்கின்றன. பிரெஞ்சு மொழி கற்ற அமெரிக்க மாணவர்களை வைத்து பார்பரா ஃப்ரீட், நார்மன் செகலோவிட்ஸ், டான் டூயி மூவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று குழுக்கள் இருந்தன: கல்லூரி வகுப்பில் கற்றவர்கள், பிரான்சுக்குப் போனவர்கள், அமெரிக்காவிலேயே பிரெஞ்சு தவிர வேறு மொழி பேசக்கூடாது என்ற கட்டுப்பாட்டுடன் கோடைக்கால முகாமில் இருந்தவர்கள். பேச்சில் சரளம் அதிகம் கூடியது மூன்றாவது குழுவுக்கு. காரணமும் புதிராக இல்லை. பிரான்சுக்குப் போனவர்கள் வகுப்புக்கு வெளியே பிரெஞ்சைவிட ஆங்கிலத்தையே அதிகம் பேசியிருந்தார்கள். அதே டூயி அதே ஆண்டில் ஜப்பானிய மொழி வாசிப்பைப் பற்றித் தனியாக ஒரு ஆய்வை வெளியிட்டார். ஜப்பானுக்குப் போனவர்களுக்கும் உள்நாட்டு முகாமில் இருந்தவர்களுக்கும் வாசிப்புத் திறனில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. தங்கள் வாசிப்பைப் பற்றிய நம்பிக்கைதான் ஜப்பானுக்குப் போனவர்களிடம் கூடியிருந்தது. நம்பிக்கை கெட்டதல்ல. ஆனால் விமானக் கட்டணம் கொடுத்து வாங்க வேண்டிய முதல் பொருள் அதுவல்ல.

இந்த விஷயத்தை நன்றாக அறிந்தவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்றும் பாருங்கள். அமெரிக்கத் தூதர்களுக்கான பயிற்சி முதலில் சொந்த நாட்டில் நடக்கிறது. யோகோஹாமாவில் உள்ள கிளைப் பள்ளிக்கு அனுப்புவது அதற்குப் பிறகுதான். அதே யோகோஹாமாவில் 1987 முதல் இயங்கும் பல்கலைக்கழகக் கூட்டு ஜப்பானிய மொழி மையம், 1960களில் டோக்கியோவில் தொடங்கப்பட்டது. வெளிநாட்டு ஜப்பானியல் அறிஞர்களில் பல தலைமுறையினர் அதில் பயின்றவர்கள். கல்லூரியில் சில ஆண்டுகள் ஜப்பானிய மொழி படித்து அடித்தளம் போட்டவர்களைத்தான் அதன் பத்து மாதப் படிப்பில் சேர்க்கிறார்கள். ஹிரகானாவைக் கற்றுக்கொள்ள யாரும் அங்கே போவதில்லை.

அப்படியானால் ஜப்பானில் மட்டுமே கற்கக்கூடியது என்று எதைச் சொல்கிறேன்? உச்சரிப்பு, செவிப்பழக்கம், வட்டாரப் பேச்சு என்று பலவற்றைச் சொல்லலாம். அவற்றில் பாதியை இன்று காதொலிக் கருவி தந்துவிடுகிறது. எந்தக் கருவியும் தராத ஒன்று இருக்கிறது: யாரிடம், யாரைப் பற்றி, எந்த நிலையில் நின்று பேசுகிறோம் என்பதற்கு ஏற்ப வினைச்சொல்லையே மாற்றும் பழக்கம். மரியாதை வடிவங்கள் தமிழருக்குப் புதிதல்லவே என்று தோன்றும். நீ, நீங்கள், வந்தான், வந்தார் என்று நாமும் படி வைத்துத்தான் பேசுகிறோம். தமிழ் மாணவர் இடறி விழுவது சரியாக இந்த இடத்தில்தான். நம் மரியாதை ஆளோடு ஒட்டிக்கொண்டது. அப்பாவை வீட்டிலும் 'வந்தார்' என்போம், வெளியாரிடமும் 'வந்தார்' என்போம். மேலாளர் அலுவலகத்தில் 'சொன்னார்' என்றால் வாடிக்கையாளரிடமும் 'சொன்னார்'தான். ஜப்பானியரின் மரியாதை எல்லைக்கோட்டோடு ஒட்டிக்கொண்டது. அலுவலகத்துக்குள் மேலாளரை உயர்த்திப் பேசும் ஊழியர், வெளியிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்த உடனே அதே மேலாளரைப் பெயருக்குப் பின் எந்த விகுதியும் இல்லாமல், தாழ்மை வினையோடு குறிப்பிட வேண்டும். ஏனென்றால் அந்த நொடியில் மேலாளர் 'நம்மவர்', அழைத்தவர் 'வெளியார்'. தன் அப்பாவைப் பற்றி அடுத்த வீட்டாரிடம் பேசும் மகளும் தாழ்மை வினையைத்தான் எடுக்கிறாள். ஜப்பான் அரசின் பண்பாட்டு அவை 2007இல் வெளியிட்ட கையேடு, அதுவரை மூன்றாக எண்ணப்பட்ட மரியாதை மொழி வகைகளை ஐந்தாகப் பிரித்துக் காட்டியது. சொந்த நாட்டவருக்கே வழிகாட்டி தேவைப்படும் துறை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

விதி எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. மாணவர்கள் மனப்பாடமும் செய்கிறார்கள். ஆனால் தாழ்மை வினையை ஒருவர் உண்மையாகவே பயன்படுத்த வேண்டுமானால் 'நம்மவர்' என்று சொல்லிக்கொள்ள அவருக்கு நாலு பேர் வேண்டும். பரிமாற்ற மாணவருக்கு அந்த நாலு பேர் யார்? பல்கலைக்கழகத்துக்கு அவர் விருந்தாளி, தங்கும் வீட்டுக்கு விருந்தாளி, கடைக்காரருக்கு வாடிக்கையாளர், அலுவலருக்கு மனுதாரர். எங்கே போனாலும் எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கும் ஒருவருக்கு, கோட்டுக்கு உள்ளே இருந்து பேசும் வினைகள் எப்படிப் பழக்கத்துக்கு வரும்? அவர் கேட்பது முழுவதும் தன்னை உயர்த்திப் பேசும் மொழி. அதைத் திருப்பிச் சொன்னால் பிழையாகிவிடும். கடை ஊழியர் வாடிக்கையாளரிடம் பேசுவதை வாடிக்கையாளர் ஊழியரிடம் பேச முடியாது அல்லவா? காதில் விழுவதைப் பிடித்துக்கொள், மொழி தானாக வரும் என்ற நம்பிக்கை இங்கே தலைகீழாகக் கவிழ்கிறது. விருந்தாளியாக இருப்பவர், தான் சொல்லவே கூடாத மொழியை ஓராண்டு முழுக்கக் காது குளிரக் கேட்டுவிட்டு ஊர் திரும்புகிறார்.

மறுபக்கத்து ஆபத்தும் உண்டு. ஆஸ்திரேலியப் பள்ளி மாணவர்கள் ஜப்பானியக் குடும்பங்களோடு தங்கிப் படித்துவிட்டுத் திரும்பியதை ஹெலன் மேரியட் 1990களில் ஆராய்ந்தார். பேச்சில் சரளம் வந்திருந்தது. ஆனால் மரியாதை வடிவம் வர வேண்டிய இடத்தில் வீட்டுப் பேச்சின் வெற்று வினையையே அந்த மாணவர்கள் நிறையப் பயன்படுத்தினார்கள். அம்மாவும் தம்பியும் வகுப்புத் தோழர்களும் அவர்களிடம் அப்படித்தான் பேசியிருக்கிறார்கள். குடும்பம் என்ற ஒற்றை வட்டம் மட்டும் கிடைத்தவருக்கு அந்த ஒற்றை வட்டத்தின் மொழி கிடைத்தது. நாடு கற்றுத் தருவதில்லை, இடம்தான் கற்றுத் தருகிறது என்று நான் சொல்வதற்கு இதுவே நேரடிச் சான்று. இதோடு ஹருகோ குக் 2008இல் வெளியிட்ட நூலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விருந்தோம்பும் குடும்பங்களின் சாப்பாட்டு மேசைப் பேச்சைப் பதிவு செய்து அவர் காட்டியது சுவையானது. வீட்டிலும் மரியாதை வடிவம் வருகிறது. தூரத்தைக் காட்டுவதற்காக அல்ல. சாப்பாடு தயார் என்று அறிவிக்கும் தாய், அந்தக் கணத்தில் 'தாய்' என்ற பொறுப்பில் நிமிர்ந்து நிற்கிறாள் என்பதைக் காட்டுவதற்காக வருகிறது. பாடநூல் இந்த வடிவத்துக்கு 'பணிவு' என்று ஒரே பெயர் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். அது பொறுப்பின் குரலும்கூட என்பது அந்த மேசையில் நாள்தோறும் உட்கார்ந்தவருக்குத்தான் புரியும். ஆகவே குடும்பத்தோடு தங்குவதை நான் குறைத்துப் பேசவில்லை. அது ஒரு வட்டம். இரண்டாவதாக ஒன்று வேண்டும் என்கிறேன்.

அந்த இரண்டாவது வட்டத்துக்குள் நுழைவதற்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் மாணவரின் கூச்சம் அல்ல, நாட்காட்டியும் கட்டடமும். ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. மாணவர் மன்றங்களும் விளையாட்டுக் கழகங்களும் புதியவர்களை வரவேற்கும் 'ஷின்கான்' காலம் அப்போதுதான். அந்த மாதத்தில்தான் யார் மூத்தவர், யார் இளையவர், யார் என்ன வேலையைச் செய்வது என்ற வரிசை உருவாகிறது. பரிமாற்ற மாணவர்களில் பெருந்திரளானவர்கள் தங்கள் நாட்டுக் கல்வியாண்டை ஒட்டிச் செப்டம்பரில் வந்து இறங்குகிறார்கள். வரிசை அமைந்து ஐந்து மாதம் ஆகியிருக்கும். இறங்கியவர்களுக்கு வெளிநாட்டு மாணவர் விடுதி, வெளிநாட்டு மாணவர்க்கான தனி மொழி வகுப்பு, வெளிநாட்டு மாணவர் அலுவலகம். எல்லாம் நல்லெண்ணத்தில் செய்யப்பட்டவை. ஆனால் விடுதியின் பொதுச் சமையலறையில் கொரியரும் பிரெஞ்சுக்காரரும் இந்தியரும் சந்தித்தால் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில். ஜப்பானியரை அங்கே பார்ப்பதே அரிது.

அரசின் கொள்கையும் எண்ணிக்கையையே துரத்தியது. 1983இல் பிரதமர் நாகசோனேயின் அரசு வெளிநாட்டு மாணவர் ஒரு லட்சம் என்று இலக்கு வைத்தது, 2003இல் எட்டினார்கள். 2008இல் மூன்று லட்சம் என்றார்கள். 2019இல் 3,12,214 பேர் இருந்தார்கள். 2033க்குள் நான்கு லட்சம் என்பது 2023இல் அறிவித்த இலக்கு. மூன்று லட்சத்தை எட்டும் வழிகளில் ஒன்றாக 2009இல் 13 பல்கலைக்கழகங்களைத் தேர்ந்து, முழுக்க ஆங்கிலத்திலேயே பட்டம் பெறும் படிப்புகளை உருவாக்கினார்கள். பொறியியலோ பொருளாதாரமோ படிக்க வருபவருக்கு அது பெரிய வசதி. மொழிக்காக வந்தவர் அந்த வசதியில் விழுந்தால் ஜப்பானில் இருந்துகொண்டே ஜப்பானிய மொழியைத் தவிர்த்து வாழ்ந்துவிட முடியும்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு தேர்வைப் பற்றியது. "ஓராண்டு போய்விட்டு வந்தவர்கள் ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் ஒரு படி, இரண்டு படி மேலே போகிறார்களே" என்பார்கள். போகிறார்கள்தான். 1984இல் தொடங்கி, 2010 முதல் என்-5 தொடங்கி என்-1 வரை ஐந்து நிலைகளாக நடக்கும் அந்தத் தேர்வு வாசிப்பையும் கேட்டறிதலையும் இலக்கணத்தையும் சொல்வளத்தையும் விடையைத் தேர்ந்தெடுக்கும் முறையில் சோதிக்கிறது. பேச்சுத் தேர்வு கிடையாது, சொந்தமாக எழுதிக் காட்டும் தேர்வும் கிடையாது. வேலைக்கு எடுப்பவர்கள் அதைக் கேட்பதால் அதற்கு மதிப்பு உண்டு. நானும் அதை எழுதாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தேர்வு அளப்பது ஊரிலேயே கற்றுவிடலாம் என்று நான் சொன்ன பகுதியைத்தான். என்-1 வாங்கியவர் அலுவலகத்தில் முதல் தொலைபேசி அழைப்பை எடுத்துத் தடுமாறினால் அதில் வியக்க ஒன்றும் இல்லை.

இரண்டாவது மறுப்பு பகுதிநேர வேலையைப் பற்றியது. இதில் பாதி உண்மை இருக்கிறது. மாணவர் விசாவில் இருப்பவர் அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். 'பைட்டோ' என்று எல்லோரும் அழைக்கும் அந்த வேலையில் உண்மையிலேயே ஒரு வட்டம் கிடைக்கிறது: முதலாளி, மூத்தவர், இளையவர், வாடிக்கையாளர். எல்லைக்கோடு ஒரு நாளில் நூறு முறை கண்முன் வரும். ஆனால் எந்த வேலை என்பதுதான் கேள்வி. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்று கையேட்டில் உள்ள பத்து வாக்கியங்களை ஒரு நாளில் முந்நூறு முறை சொல்வது மொழிப் பயிற்சி அல்ல. அந்தக் கையேட்டு மரியாதை மொழியை ஜப்பானியப் பெரியவர்களே குறை சொல்கிறார்கள். சமையலறையின் பின்கட்டில் எல்லோரும் வெளிநாட்டவர் என்றால் அதுவும் விடுதியின் மறுபதிப்புதான். நாலு மேசை கொண்ட சிறிய உணவகம், மூத்தவர்கள் வந்து உட்கார்ந்து பேசும் கடை, ஆட்கள் குறைவாக இருப்பதால் எல்லோரும் எல்லா வேலையும் செய்ய வேண்டிய இடம் ஆகியவை நல்லவை. கூலி குறைவாகவே இருக்கும்.

மூன்றாவது மறுப்பை நம் ஊரில் அதிகம் கேட்கலாம்: தமிழருக்கு ஜப்பானிய மொழி எளிது, போனால் போதும், ஒட்டிக்கொள்ளும். ஜப்பானிய மொழியியலாளர் ஓனோ சுசுமு 1980களில் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று முன்வைத்த கருத்து இங்கே பெருமையோடு பரவியது. மொழியியலாளர்கள் பெரும்பாலோர் அந்த உறவை ஏற்கவில்லை. ஆனால் உறவு இல்லாவிட்டாலும் அமைப்பு ஒத்திருக்கிறது என்பதில் ஐயமே இல்லை. வினை கடைசியில் வருகிறது, உருபு பெயருக்குப் பின்னால் வருகிறது, பெயரெச்சம் பெயருக்கு முன்னால் நிற்கிறது. செய்து பார், செய்து வை என்று பார்த்தலையும் வைத்தலையும் துணைவினையாக நாம் பயன்படுத்துவது போலவே அவர்களும் பயன்படுத்துகிறார்கள். ஆங்கிலேய மாணவர் மூச்சு முட்டும் வாக்கிய அமைப்பில் தமிழ் மாணவர் இயல்பாக நடக்கிறார். இந்தச் சலுகை என் வாதத்துக்குத்தான் வலுச்சேர்க்கிறது. இலக்கணம் எளிதாக வருமானால் அதை ஊரிலேயே முடித்துவிட்டுப் போக நமக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் காரணம் இருக்கிறது. சென்னையில் ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் மையத்தில் பல்லாண்டுகளாக ஜப்பானிய மொழி கற்பிக்கிறார்கள். தேர்வு எழுதவும் சென்னையை விட்டுப் போக வேண்டியதில்லை. ஆளோடு ஒட்டிய மரியாதையை விட்டு எல்லையோடு ஒட்டிய மரியாதைக்கு மாறுவதற்குத்தான் நமக்கு ஜப்பான் வேண்டும்.

கடைசி மறுப்பு இன்னும் ஆழமானது. 'நம்மவர்' வட்டத்துக்குள் போவது என்றால் அவர்களுடைய வரிசைக்கும் வணக்கத்துக்கும் தலைகுனிவதுதானே? வெளிநாட்டவர் ஏன் அதைச் செய்ய வேண்டும்? மெரில் சீகல் 1990களில் ஆராய்ந்த மேலைநாட்டுப் பெண்களில் சிலர், பெண்களிடம் எதிர்பார்க்கப்படும் பணிவான பேச்சுமுறையைக் கண்டு முகம் சுளித்து அதை வேண்டுமென்றே ஒதுக்கினார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் ஒரு வடிவத்தைத் தெரிந்து ஒதுக்குவது வேறு, தெரியாமல் விடுவது வேறு. கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். பேசுபவருக்கு அப்படி இல்லை. மறுக்கும் உரிமையைக்கூட மொழி தெரிந்தவரால்தான் பயன்படுத்த முடியும். மேலும் வட்டத்துக்குள் போனவர்கள் எல்லோரும் கரைந்துபோய்விடுவதில்லை. சீன எழுத்தாளர் லூ சுன்னைப் பாருங்கள். 1902இல் சீனாவிலிருந்து வந்து, ஜூடோவை நிறுவிய கானோ ஜிகோரோ சீன மாணவர்களுக்காக நடத்திய பள்ளியில் இரண்டு ஆண்டு மொழி படித்தார். டோக்கியோவில் சீன மாணவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்; தங்களுக்குள்ளேயே வாழ்ந்துவிட முடிந்தது. அவர் 1904இல் சீனர் அநேகமாக யாருமே இல்லாத சென்டாய் நகரத்து மருத்துவப் பள்ளிக்குப் போனார். அங்கே உடற்கூறியல் ஆசிரியர் புஜினோ அவருடைய பாடக் குறிப்பேட்டை வாராவாரம் வாங்கி, பாடப் பிழைகளோடு மொழிப் பிழைகளையும் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தார். அதே சென்டாயில்தான் சீனர் என்பதற்காகச் சக மாணவர்களின் ஏளனத்தையும் அனுபவித்தார். அவமானம், அக்கறை இரண்டுமே அவர் ஒரு வகுப்பின் மாணவர் என்பதால் கிடைத்தவை. ஊர் திரும்பியவர் ஜப்பானியராகிவிடவில்லை. நவீனச் சீன இலக்கியத்துக்கே முன்னோடி ஆனார்.

டொனால்ட் கீனின் கதைக்கும் பிற்பகுதி உண்டு. அந்தக் கடற்படைப் பள்ளி அவருக்கு வாசிப்பைக் கொடுத்தது. 1953இல் ஆய்வு மாணவராகக் கியோட்டோவுக்குப் போனபோது, அதே வளாகத்தில் தங்கியிருந்த நாகாய் மிச்சியோவோடு இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து பேசும் பழக்கம் ஏற்பட்டது. பின்னாளில் ஜப்பானின் கல்வி அமைச்சரான நாகாய்தான் அவர். கியோகென் என்ற மரபு நகைச்சுவை நாடகம் பயின்று 1956இல் மேடையும் ஏறினார் கீன். நாட்டுக்குப் போகும் முன்பே மொழியின் கட்டடத்தை எழுப்பிவிட்டுப் போனதால், போன பிறகு அவருக்கு எழுத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கவில்லை. ஒரு மேசையிலும் ஒரு மேடையிலும் தன் இடத்தை எடுத்துக்கொள்ள முடிந்தது. 2012இல் ஜப்பானியக் குடியுரிமையே பெற்றார்.

ஆகவே இங்கே இருக்கும் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் நடைமுறை சார்ந்தது. குறைந்தது என்-3 அளவுக்குத் தேறும் முன் யாரையும் அனுப்ப அவசரப்படாதீர்கள். பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் தரவரிசையைக் கேட்கும் முன், விடுதியில் ஜப்பானிய மாணவர்கள் இருக்கிறார்களா, மன்றங்கள் ஓராண்டு மட்டும் இருப்பவர்களைச் சேர்த்துக்கொள்கின்றனவா என்று மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். பெரிய நகரம் என்பதற்காக மட்டும் டோக்கியோவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கனசாவாவிலும் ஹகோதத்தேயிலும் குடும்பங்களோடு தங்கிப் படிக்கும் திட்டங்கள் நெடுங்காலமாக நடந்துவருகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, முடிந்தால் செப்டம்பரைத் தவிர்த்து ஏப்ரலில் போய்ச் சேருங்கள். ஏப்ரல் பருவத்துக்கான விண்ணப்பங்களைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் முந்தைய ஆண்டின் அக்டோபர், நவம்பர் வாக்கில் முடித்துவிடுகின்றன. நம் கல்லூரிகள் அதற்கு முன்பே பெயர்களைப் பரிந்துரைத்தாக வேண்டும்.